உடல் கிடைத்தது, பெயர்? – சிற்பி ராய் சௌத்ரியும் நம் ஊர்ச் சிலைகளும்

மெரினாவின் வடக்கு முனையில் இருக்கும் உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். நேரில் பார்க்காதவர்களும் மே தினத் துண்டறிக்கைகளிலும் சுவரொட்டிகளிலும் பார்த்திருப்பார்கள். நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். முதுகு வளைந்திருக்கிறது, தொடை நரம்பு புடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் பிரதி எடுக்கப்பட்ட உருவங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். அந்த நான்கு பேரின் பெயர் என்ன?

வேடிக்கையான கேள்வி என்று தோன்றலாம். ஆனால் அதே கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால் கைத்தடியோடு காந்தி நடந்து வருகிறார். அவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு சிலைகளையும் செய்தவர் ஒரே சிற்பி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இரண்டும் வைக்கப்பட்டது ஒரே ஆண்டில், 1959-இல். ஒன்றில் பெயருள்ள ஆள். இன்னொன்றில் பெயரில்லாத உடல்கள். சிற்பக் கலையில் இந்த இரண்டும் இரண்டு தனி வேலைகள். முதலாவதை ஆள் சிலை என்று வைத்துக்கொள்வோம், முகத்தைப் பார்த்ததும் இன்னார் என்று தெரிய வேண்டும். இரண்டாவது உருவச் சிற்பம், அதில் உடலும் அசைவும் போதும். யாருக்கு ஆள் சிலை, யாருக்கு வெறும் உருவம் என்பதைக் கலைஞரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறோம். நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர் முனைகளில் கூண்டுக்குள் நிற்கிற அம்பேத்கர் சிலைகளைப் புரிந்துகொள்ளவும் இது தேவைப்படும்.

நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். ஓமலூருக்கு அருகே தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. கெட்டி முதலிகள் காலத்தில் எழுந்த கோயில். ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி, வாய்க்குள் உருளும் கல் உருண்டையோடு யாளி, ஒரு தூணிலிருந்து பார்த்தால் தெரிந்து இன்னொரு தூணிலிருந்து பார்த்தால் மறைந்துபோகிற ராமன் – வாலி சிற்பம் என்று பள்ளிச் சுற்றுலாவில் காட்டுவார்கள். நாமக்கல்லில் மலையே ஒரு சிற்பக்கூடம். அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் 8ஆம் நூற்றாண்டில் குடைந்ததாகச் சொல்லப்படும் குகைக் கோயில்களில் நரசிம்மரும் பள்ளிகொண்ட பெருமாளும் பாறையோடு பாறையாக இருக்கிறார்கள். கட்டியவர் என்று கெட்டி முதலி பெயர் நிற்கிறது, குணசீலன் பெயர் நிற்கிறது. உளி பிடித்தவர், கல்லை வெட்டி வண்டியில் ஏற்றியவர், சாரம் கட்டியவர் பெயர் எங்கே? கோயில் எழுந்து முடிந்த பிறகு அந்தக் கல் சுமந்தவர்களில் எத்தனை பேரை உள்ளே விட்டிருப்பார்கள்? 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. பதில் அதிலேயே இருக்கிறது.

மரபுச் சிற்ப சாத்திரம் உடலை அளப்பதற்குத் தாளம் என்ற அளவை வைத்திருக்கிறது. ஒரு தாளம் என்பது ஒரு முகத்தின் நீளம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குல அளவு. இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் அல்ல, உருவத்துக்குள்ளேயே எடுக்கப்படும் பங்கு. தேவியருக்குக் கொஞ்சம் குறைவாக 120. இப்படியே இறங்கி இறங்கி, பூதகணங்களுக்கும் குள்ள உருவங்களுக்கும் நான்கு தாளம் வரை வரும். நடராசர் காலடியில் நசுங்கிக் கிடக்கும் முயலகனை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். உயர்ந்தவருக்கு நீண்ட உடல், தாழ்ந்தவருக்குக் குட்டை உடல். சாத்திரத்தில் இது அழகின் இலக்கணம். சமூகவியல் படித்த நமக்கு அதில் ஒரு படிக்கட்டும் கண்ணில் படுகிறது.

மரபில் ஆள் சிலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதுரை புதுமண்டபத்தில் பத்து நாயக்க மன்னர்கள் தூணோடு தூணாகக் கைகூப்பி நிற்கிறார்கள். கொடை கொடுத்தவருக்குச் சிலை. பிறகு வெள்ளையர் வந்தார்கள், கொடைக்குப் பதில் ஆட்சி. சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோவை இங்கிலாந்தில் பிரான்சிஸ் சாண்ட்ரி செய்து கப்பலில் அனுப்பினார். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக நசுக்கிய கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றச் சொல்லி 1927-இல் போராட்டம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலை அரசியல் ஏதோ நாம் தொடங்கி வைத்த நோய் என்று பேசுகிறவர்களுக்கு இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

இந்தப் பின்னணியில் வருகிறார் ராய் சௌத்ரி. 1899-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்கபூர் பக்கம் தாஜ்ஹாட்டில் பிறந்தவர். ஜமீன் குடும்பப் பின்னணி. ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் கற்றார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், வங்க மொழியில் கதை எழுதுவது என்று பல திசையில் ஓடிய ஆள். மல்யுத்தம் பழகியதை அவருடைய சிற்பங்களிலேயே பார்க்கலாம். எந்த அசைவில் எந்தத் தசை இறுகும் என்று உடம்பால் தெரிந்தவரின் கை அது. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் பாதிப்பும் உண்டு. பளபளவென்று தேய்த்து மழுப்பாமல், களிமண்ணில் விரல் பட்ட தடம் வெண்கலத்திலும் தெரியும்படி விட்டுவிடுவார்.

1929-இல் அவர் சென்னை அரசு கலை, கைத்தொழில் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. சிஸ்ஹோம், ஹேவெல் என்று வெள்ளையர்களே நடத்தி வந்த பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர் இவர். அதுவரை அங்கே கைத்தொழிலுக்கே முதலிடம். மரவேலை, உலோக வேலை, நகை வேலை. இவர் வந்த பிறகு உயிருள்ள ஆளை முன்னால் நிறுத்திப் பார்த்து வரைவதும் வடிப்பதும் பாடத்தின் நடுவுக்கு வந்தன. 1957 வரை கிட்டத்தட்ட 28 ஆண்டுகள் அவர் கையில்தான் பள்ளி. பின்னாளில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், பெரியாரின் தலையை வடித்த எஸ். தனபால், வங்கத்தின் பிரதோஷ் தாஸ்குப்தா எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

உயிருள்ள ஆளைப் பார்த்து வடிப்பது என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தாள அளவில் வேலை செய்கிற சிற்பிக்கு எதிரே ஓர் ஆள் தேவையில்லை, மனப்பாடமான கணக்கு போதும். ராய் சௌத்ரியின் முறையில் ஒரு கூலித் தொழிலாளி மேடையில் ஏறி நிற்கிறார். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து அவர் விலா எலும்பை எண்ணுகிறார்கள், அவர் தோள் எலும்பு எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்க்கிறார்கள். தொட்டால் தீட்டு, பார்த்தாலே தீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் உண்டு என்று சொல்வார்கள். கழிகளை ஊன்றி அழுத்தும் அந்தக் கைகளுக்குள் ஒரு காவலாளியின் உண்மையான தோள் இருக்கிறது. பீடத்தில் அவர் பெயர் இல்லை.

ஆனால் ஒரு சிற்பி சோறு தின்பது இதனால் அல்ல. சிற்பம் காசு பிடிக்கிற கலை. இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் களிமண் அப்பி முழு அளவில் உருவம் செய்ய வேண்டும். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, மெழுகு ஊற்றி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஆளுயரச் சிலைக்கே மாதக்கணக்கில் வேலை. இதற்குக் காசு கொடுக்கிறவர் மன்னர், கவர்னர், நகராட்சி, நினைவுக் குழு. அவர்கள் கேட்பது ஆள் சிலை. ராய் சௌத்ரியின் தொழில்வாழ்க்கையும் அதில்தான் ஓடியது. கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி, சுரேந்திரநாத் பானர்ஜி சிலைகள் அவர் செய்தவை. 1937-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. விடுதலைக்குப் பின் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர், 1958-இல் பத்ம பூஷண். (நம் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கமும் முதலில் ஆள் படம் வரைந்து பிழைத்தவர்தான். தேசியக் கவியாவதற்கு முன் அவருடைய தூரிகையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் உட்கார்ந்திருக்கிறார். முகம் செய்து பிழைக்கிறவர்களின் பாடு அப்படி.)

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு சிற்பத்துக்கு வருவோம். ராய் சௌத்ரியின் முக்கிய வேலைகளைப் பட்டியல் போடுகிற எவரும் ‘திருவிதாங்கூர் கோயில் நுழைவு அறிவிப்பு’ என்ற வெண்கலச் சிற்பத்தைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், பிறப்பால் இந்துவான எவரும் அரசுக் கோயில்களில் நுழையலாம் என்று அறிவித்தார். திவான் சி.பி. ராமசாமி ஐயர். அந்த அறிவிப்பு வெண்கலத்தில் ஏறியது. வரலாற்றுப் புத்தகத்திலும் அது மன்னரின் கருணையாகவே ஏறியது.

அந்த அறிவிப்புக்கு முன்னால் நடந்தது என்ன? 1893-இல் அய்யங்காளி என்ற புலையர் இளைஞர் வில்வண்டியில் ஏறி, தம் மக்கள் நடக்கவே கூடாத பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடி விழுந்தது, திருப்பி அடித்தார்கள். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலையை நிறுத்த வைத்தார். பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார், பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். 1924 – 25-இல் வைக்கம் போராட்டம், அதில் பெரியாரும் நாகம்மையாரும். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்தார். ஈழவர்களிடையே மதம் மாறும் பேச்சு பெரிதாக எழுந்தது. ஆளே இல்லாமல் போகும் மதத்தை யார் காப்பாற்றுவது என்ற பயம் அரண்மனை வரை எட்டிய பிறகு வந்ததுதான் 1936.

அய்யங்காளி 1941-இல் இறந்தார். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருக்கு ஆள் சிலை வந்தது 1980 நவம்பரில். எஸ்ரா டேவிட் செய்த அந்தச் சிலையை இந்திரா காந்தி திறந்துவைத்தார். அறிவிப்புக்கும் அய்யங்காளி சிலைக்கும் நடுவே 44 ஆண்டுகள். கதவைத் திறந்தவராக அறியப்பட்டவரின் பெயரோடு வெண்கலம் உடனே உருகிவிட்டது. கதவை இடித்தவருக்கு அது அரை நூற்றாண்டு உருகவில்லை. ராய் சௌத்ரி மீது இதற்குக் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. தீண்டாமைக்கு எதிரான ஒரு நிகழ்வைச் சிற்பத்துக்கு உரிய பொருளாக அவர் எடுத்துக்கொண்டதே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் ‘அறிவிப்பு’ என்று தலைப்பு வைக்கும்போதே நிகழ்வின் எழுவாய் யார் என்பது முடிவாகிவிடுகிறது.

உழைப்பாளர் சிலைக்குத் திரும்பலாம். அது நிறுவப்பட்டது 1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முதல் நாள். அந்தக் கடற்கரைக்கு முன்கதை உண்டு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கூட்டம் போட்டு, இந்தியாவில் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எனவே சிலைக்கு அந்த இடம் பொருத்தமானது. அதே ராய் சௌத்ரிதான் பாட்னாவில் தியாகிகள் நினைவகமும் செய்தார். 1942 ஆகஸ்ட் 11 அன்று தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய்க் குண்டடிபட்டுச் செத்த ஏழு மாணவர்கள். அங்கே ஏழு பேருக்கும் பெயர் உண்டு, பொறித்திருக்கிறார்கள். நாட்டுக்காகச் செத்தவனுக்குப் பெயர் கிடைக்கிறது. நாட்டைக் கட்டக் கல் தள்ளுகிறவன் ‘உழைப்பாளி’யாகவே நின்றுவிடுகிறான்.

‘உழைப்பாளி’ என்ற சொல் வசதியானது. அதற்குள் சாதியைப் போட்டு மூடிவிடலாம். மெரினாவிலிருந்து சில மைல் தூரத்தில் 1921-இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா தம் மக்களுக்காக வாதாட வேண்டியிருந்தது. ஒரே ஆலை, ஒரே கூலி, ஆனால் ஒரே வரிசையில் தோள் கொடுத்து நிற்க முடியவில்லை. சாதி வேலையைப் பங்கிட்டுத் தருகிற ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களை ஒருவர் தலைமேல் ஒருவரை அடுக்கி வைக்கிற ஏற்பாடு என்பதை 1936-இல் அம்பேத்கர் விளக்கினார். ராய் சௌத்ரியின் நான்கு பேர் ஒரே பாறையை ஒரே மூச்சில் தள்ளுகிறார்கள். நடந்ததைக் காட்டிய சிலையாக அதை நாம் பார்ப்பதில்லை. நடக்க வேண்டியதைக் காட்டிய சிலை அது.

அவருடைய தொழிலாளியின் உடல் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் உண்டு. அந்தத் தசை மல்யுத்தக்காரனின் தசை, சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியிலும் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களிடம் அப்படி ஒரு உடம்பை யாரும் பார்த்ததில்லை என்பார் ஒரு தோழர். கல் உடைக்கிறவர் உடம்பு ஒட்டி உலர்ந்து, தூசியில் நுரையீரல் கெட்டு, நாற்பது வயதிலேயே கூன் விழுந்து இருக்கும். அவர் சொல்வது சரிதான். 1952-இல் செய்த ‘பசியால் வாடியவர்கள்’ என்ற சிற்பத்தில் ராய் சௌத்ரியே எலும்பும் தோலுமான உடலை வடித்திருக்கிறார், ஆக அது தெரியாதவர் அல்ல. ஆனாலும் கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்தப் போகும் உடலுக்கு அவர் வலிமையைத் தேர்ந்தெடுத்தது எங்களில் பலருக்குப் பிடித்திருக்கிறது. நான்கு தாளத்தில் நசுங்கிக் கிடந்தவரைத் தெய்வத்தின் உயரத்துக்கு நிமிர்த்தி நிறுத்தினார். இரக்கப்பட வைக்கவில்லை. நம்மைப் பற்றிய பெரும்பாலான படைப்புகள் இரக்கத்திலேயே முடிந்துவிடுகிற நாட்டில் இது முக்கியம்.

1975-இல் அவர் இறந்தார். டெல்லியில் காந்தியின் பின்னே பத்துப் பேர் நடக்கும் தண்டி யாத்திரைச் சிற்பம் அவர் இறந்த பிறகே வைக்கப்பட்டது.

பெயரோடும் முகத்தோடும் நிற்கிற சிலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம். 1950 டிசம்பர் 9 அன்று கோலாப்பூர் பிந்து சவுக்கில் புலேவுக்கும் அம்பேத்கருக்கும் மார்பளவுச் சிலைகள் வைக்கப்பட்டன, அப்போது அம்பேத்கர் உயிரோடு இருந்தார். 1962 ஜனவரி 26 அன்று மும்பை கூப்பரேஜில் முழு உருவச் சிலை. 1967 ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் பன்னிரண்டரை அடி வெண்கலச் சிலையைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அம்பேத்கர் நினைவுக் குழு கொடுத்த சிலை அது, அரசு தன் காசில் வைத்ததில்லை. மும்பைச் சிலையையும் நாடாளுமன்றச் சிலையையும் செய்தவர் பி.வி. வாக். கோட்டு, கண்ணாடி, இடது கையில் அரசியலமைப்புச் சட்டம், வலது கை நீண்டு விரல் முன்னே காட்டுகிறது. இந்த நிலையை வாக் வடித்தார் என்பது நம் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியாவின் எந்தச் சேரிக்குப் போனாலும் அவர் வடித்த கையைத்தான் பார்க்கிறோம். (2024 ஜூனில் அந்த நாடாளுமன்றச் சிலையை முன்னிருந்த இடத்திலிருந்து எடுத்து, வளாகத்துக்குள் வேறு மூலைக்குக் கொண்டு போனார்கள். ‘பிரேரணா ஸ்தலம்’ என்று அதற்குப் பெயர். போராட்டம் நடத்தப் பழகிய இடம் போய்விட்டது என்று எதிர்க்கட்சிகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.)

வெண்கலத்தில் பிறந்த அந்தக் கை நம் பக்கம் வரும்போது சிமெண்டாகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் களப்பணிக்குப் போகும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் கம்பி கட்டிச் சிமெண்ட் பூசி, நீல வண்ணம் அடித்த சிலைகள். செய்தவர் நேரில் மாதிரி பார்த்திருக்க மாட்டார், காலண்டர் படம்தான் மாதிரி. தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும், கை குட்டையாக இருக்கும். இதைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். முகம் ஒத்துப்போகவில்லையே என்பார்கள். கவனித்துப் பார்த்தால், நம் மக்கள் அந்தச் சிலையை முகத்தால் அடையாளம் காண்பதில்லை. கோட்டு, கண்ணாடி, புத்தகம், நீட்டிய விரல், இந்த நான்கும் போதும். சங்கு சக்கரம் பார்த்துப் பெருமாள் என்று சொல்கிற அதே முறை. ஆள் சிலையாகத் தொடங்கியது, கிராமத்துக் கையில் மரபுச் சிற்ப இலக்கணத்துக்குள் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. வித்தியாசம், இந்த முறை கையில் இருப்பது ஆயுதம் இல்லை, புத்தகம்.

இதில் ஆபத்தும் உண்டு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே அரசியலில் பக்தி கூடாது என்று எச்சரித்தார். 1943-இல் ரானடே நினைவுச் சொற்பொழிவிலும் தலைவர் வழிபாட்டைக் கடுமையாகத்தான் பேசினார். சிலைக்குப் பாலூற்றுகிற தோழர்களோடு நாம் இதைப் பேசியாக வேண்டும். ஆனால் சிலையே வேண்டாம் என்று ஊர்க்காரர் வந்து நமக்கு அம்பேத்கரை மேற்கோள் காட்டும்போது, உங்கள் தெரு முனையில் எத்தனை சிலை என்று எண்ணிவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம். சிலை என்பது வெறும் சிமெண்ட் என்றால் அதை ஏன் உடைக்கிறார்கள்? 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் சிலையை உடைத்தார்கள். நம் பக்கத்திலும் சிலைக்கு இடம் என்று பேச்செடுத்தாலே அமைதிப் பேச்சுவார்த்தை, தாசில்தார், போலீஸ் என்று போகும். கடைசியில் அனுமதி கிடைத்தால் கூடவே கூண்டும் வரும். கோயில் நிலைமையும் அதிகம் மாறவில்லை. 1947-இல் சட்டம் வந்த மாநிலத்தில், 2023 ஜனவரியில் சேலம் திருமலைகிரியில் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் ஒருவரை ஊர் கூட்டி ஆபாசமாகத் திட்டிய காட்சியை நாமெல்லாம் கைபேசியில் பார்த்தோம்.

இப்போது இளைஞர்களுக்கு ஒரு செய்தி. சிலை வைக்கப் போராடுகிற நாம் சிலை செய்வதையும் கற்க வேண்டும். தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நம் மாவட்டத்துத் தொழில். அங்கே வாகை மரத்தில் தசாவதாரம் செதுக்குகிறார்கள். அங்கே போய்ப் புலே, சாவித்திரிபாய், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் உருவம் செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன். ராய் சௌத்ரி நடத்திய பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி, சென்னையிலேயே இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் மரபுச் சிற்பத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போன தாளக் கணக்கை இன்று விண்ணப்பம் போட்டுப் படிக்கலாம். அரசுக் கல்லூரிகள் என்பதால் இட ஒதுக்கீடு உண்டு, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. பொறியியலும் நர்சிங்கும் தவிர வேறு படிப்பு இருப்பதாக நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து இரண்டு மாவட்டத்திலும் உள்ள அம்பேத்கர் சிலைகளைக் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம். பீடத்தில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயரும் வரிசையாக இருக்கின்றன. செய்தவர் பெயரை நாங்கள் இதுவரை ஒரு பீடத்திலும் பார்க்கவில்லை. உங்கள் ஊரில் சிலை இருந்தால், பெரியவர்களைக் கேட்டு இவற்றை எழுதி அனுப்புங்கள்: ஊர், தெரு, திறந்த தேதி, சிமெண்டா வெண்கலமா, செய்தவர் பெயரும் ஊரும், கூண்டு போட்ட ஆண்டு.